சைக்கிளை மட்டும் கழற்றக் கூடாது

அப்பா,

சைக்கிள் சீற்றுக்குக் கீழே தொங்குகிற தோல் பையை இன்று பின்னேரம் திறந்தேன். உங்கள் மணம் வந்தது. கிறீசும் மண்ணெண்ணெயும் பழைய துணியும் சேர்ந்த மணம். ஸ்பானரைச் சுற்றியிருந்த துண்டு உங்கள் நீலக்கோடு போட்ட சாரத்தில் கிழித்தது. உங்கள் உடுப்புகளை எல்லாம் அம்மா எட்டாம் நாள் சடங்கு முடிந்த கையோடு கொடுத்துவிட்டார். இந்தத் துண்டு பைக்குள் ஒளிந்திருந்ததால் தப்பிவிட்டது.

விஞ்ஞானக் கொப்பியின் கடைசி ஒற்றைகளில் இதை எழுதுகிறேன். கைவிளக்கை நெல்மூட்டைகளுக்குப் பின்னால் வைத்து, வெளிச்சம் யன்னலுக்குப் போகாதபடி மூட்டையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சத்துக்கு முன் அம்மா அறைக்குள் இருந்து கூப்பிட்டார்.

"பிள்ளை, இன்னும் படுக்கேல்லையே?"

"வீட்டுவேலை கிடக்குதம்மா. தவளையின்ர படம் கீற வேணும்."

"பகல் முழுக்க முத்தத்திலை தவளையைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டு, இப்பதான் கீறுறியோ?"

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் கடைசிச் சொல்லை முடிக்க அவருக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது.

அம்மாவுக்குப் பிள்ளைப்பேற்று நோ தொடங்கிவிட்டது, அப்பா. அவர் சொல்லவில்லை. பின்னேரம் அரிசி களைந்துகொண்டிருந்தவர் சட்டியை வைத்துவிட்டுக் குசினிக் கப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பார்ப்பதைக் கண்டதும் "கால் விறைச்சுப் போச்சு" என்றார். நாட்கணக்கின்படி இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. அதனால் தனக்குத்தானே இல்லை என்று சொல்லிக்கொள்கிறார் போலும். நான் கேட்டுப் பார்த்தேன்.

"பெருமாயி அக்காவைக் கூட்டிக்கொண்டு வரட்டோ?"

"இந்த இருட்டுக்கையோ? விசர்க் கதை கதையாதை. விடியட்டும்."

விடியட்டும் என்று இந்த வீட்டில் கடைசியாகச் சொன்னவர் நீங்கள். அதைப் பற்றி இப்போது எழுத மாட்டேன். எழுதினால் கொப்பியைப் போட்டுவிட்டு ஓடிவிடுவேன்.

வேறு ஆட்கள் இல்லை. பக்கத்து வளவுச் செல்லத்துரை மாமா குடும்பம் போன கிழமை டிராக்டரிலேயே புளியங்குளத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனது. பிறகு சண்டையால் பாதையை மூடிவிட்டார்கள், அவர்களால் திரும்ப முடியவில்லை. பளையில் இருந்து வருகிறேன் என்ற சின்னம்மாவும் வரவில்லை. வீட்டில் அம்மாவும் நானும் தம்பி உழுந்தனும்தான். உழுந்தன் வாயைத் திறந்துகொண்டு நித்திரை.

உங்களிடம் ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். உழுந்தன் பிறந்த அன்று வெளியே நின்றவர் நீங்கள். இன்றைக்கு வெளியே நிற்பது நான். எப்படி நின்றீர்கள்?

அன்று எனக்கு ஒன்பது வயது. சிறுபோகத் தண்ணீர் விட்டிருந்த காலம், காலை நேரம். அம்மாவுக்கு நோ கண்டதும் நீங்கள் போய், பிள்ளைப்பேறு பார்க்கத் தெரிந்த பெருமாயி அக்காவைக் கூட்டி வந்தீர்கள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து ஒரு மூட்டையுடன் வந்து, இரண்டாம் வாய்க்காலுக்கு அப்பால் கொட்டில் போட்டவர். அதுவரை எங்கள் வயலில் களை பிடுங்கத்தான் அவர் வந்திருக்கிறார். அவருக்குத் தேத்தண்ணீர் கொடுக்க வெளியே தனியாக ஒரு தகரப் பேணி இருந்தது. அன்றுதான் முதல் தடவையாக எங்கள் அறைக்குள் போனார்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. உள்ளே அம்மாவின் சத்தம் ஏறி ஏறி இறங்கியது. நீங்கள் கதவடிக்குப் போவீர்கள், திரும்பி வருவீர்கள், தண்ணீர் குடிப்பீர்கள், மறுபடி கதவடிக்குப் போவீர்கள். "என்ன மாதிரி?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஏழாம் தரமோ எட்டாம் தரமோ பெருமாயி அக்கா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"ஐயா, புள்ள எறங்க வழி தேடுது. வீட்டுல கட்டுனது, பூட்டுனது, மூடுனது எல்லாத்தையும் அவுத்து விடுங்க. ஒரு முடிச்சு இருக்கப்படாது. போங்க."

அப்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் ஒன்றும் விளங்காமல் இருந்த பிள்ளைக்குச் செய்யத் தெரிந்த கணக்கு ஒன்று வந்தது போல இருந்தது.

முதலில் றங்குப்பெட்டி. பிறகு அலுமாரி. அரிசிப் பானை, உப்புப் போத்தல், ஊறுகாய்ச் சாடி. நெல்மூட்டைகளின் தைத்த வாய்களை வில்லுக்கத்தியால் வெட்டினீர்கள். வாசல் படலையைக் கழற்றி வேலியில் சாத்தினீர்கள். கொடிக்கயிற்றை அவிழ்க்க, காய்ந்த உடுப்பெல்லாம் நிலத்தில் விழுந்தது. மடித்துத் தொங்கிய குடையை விரித்து முற்றத்து நடுவில் வைத்தீர்கள். என் கொப்பிகளைக்கூட ஒவ்வொன்றாக விரித்து வைத்தீர்கள். மாட்டுப் பட்டிக்குப் போய் இரண்டு மாட்டையும் கன்றையும் அவிழ்த்து விட்டீர்கள். கோயிலில் கட்டிய காப்புநூலைப் பல்லால் கடித்து அறுத்தீர்கள்.

பிறகு என்னைக் கூப்பிட்டீர்கள்.

"வா மோனை. திரும்பி நில்."

என் இரட்டைப் பின்னலை அவிழ்க்கத் தொடங்கினீர்கள். அதற்கு முன் ஒரு நாளும் நீங்கள் என் தலைமயிரைத் தொட்டதில்லை. றிபன் முடிச்சு உங்கள் விரலுக்குள் அகப்படவில்லை. விரல்கள் ஆடிக்கொண்டே இருந்தன. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கை ஆடும் என்று எனக்கு அதுவரை தெரியாது. தலைமயிர் இழுபட்டு நொந்தது. பின்னால் நின்றபடி நீங்கள் கதைத்தீர்கள். முகம் தெரியாததால்தான் கதைத்தீர்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

"நீ பிறக்கேக்கை நான் எங்கை நிண்டனான் தெரியுமே? இஞ்சை, வயலுக்கை. அம்மா யாழ்ப்பாணத்திலை தாய் வீட்டிலை. நீ பிறந்து மூண்டாம் நாள்தான் எனக்குக் கடிதம் வந்தது. நோப்பட்ட நேரம் நான் நெல்லுச் சூடு மிதிச்சுக்கொண்டு, பாட்டும் பாடிக்கொண்டு நிண்டிருப்பன். தெரியாமல் இருக்கிறது எவ்வளவு சுகம், பிள்ளை."

அந்த நேரம் வேலிக்கு அப்பால் செல்லத்துரை மாமாவின் குரல்.

"டேய்! உன்ர மாடு என்ர உழுந்துக்கை நிக்குது!"

"நிக்கட்டும் அண்ணை! கட்டக் கூடாதாம்!"

"ஆரடா சொன்னது?"

"பெருமாயி!"

"பெருமாயி உன்ர மாட்டைக் கட்ட வேண்டாம் எண்டு சொல்லட்டும். என்ர உழுந்தைத் தின்னச் சொல்லியும் சொன்னவளோ?"

நீங்கள் அதற்கும் சிரிக்கவில்லை. அம்மா உள்ளே கத்தினார். நீங்கள் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தீர்கள். அவிழ்க்க ஒன்றும் மிச்சமில்லை. மூன்றாம் சுற்றில், முதிரை மரத்தில் சாத்தியிருந்த சைக்கிளுக்கு முன்னால் நின்றீர்கள்.

"இதுகளும் இறுகித்தானே கிடக்குது" என்றீர்கள், எனக்கும் இல்லாமல் உங்களுக்கும் இல்லாமல்.

அதற்குப் பிறகு உங்களுக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. குந்தியிருந்து ஸ்பானரால் ஒவ்வொரு நட்டாகக் கழற்றினீர்கள். முன் சில்லு, பின் சில்லு, செயின், மட்காட், காரியர். நட்டுகளை ஒரு சிரட்டையில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினீர்கள். நான் தலைவிரிகோலமாகப் பக்கத்தில் இருந்து சிரட்டையைப் பிடித்தேன். அந்த நேரம் மட்டும் உங்கள் கை ஆடவில்லை.

கடைசி நட்டு சிரட்டைக்குள் விழுந்தபோது பெருமாயி அக்கா ஓடி வந்தார். கையெல்லாம் இரத்தம்.

"ஐயா, புள்ள காலக் காட்டுது. என்னால ஏலாது. சைக்கிள எடுத்துக்கிட்டு ஓடுங்க, மிஸியக் கூட்டியாங்க!"

மருத்துவிச்சி மிஸி இருந்தது மூன்று மைலுக்கு அப்பால், கிளினிக்கில். பெருமாயி அக்கா சைக்கிளைத் தேடினார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"அட பாவி மனுசா" என்றார். உங்களை ஐயா என்று கூப்பிடாமல் அவர் கதைத்தது அந்த ஒரு தடவைதான்.

செல்லத்துரை மாமா மாட்டுக்குச் சண்டை பிடிக்க வந்தவர், கண்ட கோலத்தில் சண்டையை மறந்து சேறு பூசிய காலோடு குந்தினார். அவருடைய சைக்கிளை மகன் எடுத்துக்கொண்டு போயிருந்தான். இரண்டு பேரும் சேர்ந்து பூட்டினீர்கள். நீங்கள் நட்டை எடுக்க அது விழ, நான் பொறுக்கித் தர, அது திரும்ப விழுந்தது. மாமா உங்கள் கையில் இருந்து ஸ்பானரைப் பறித்தார்.

"விடு. நீ அழு, நான் பூட்டுறன்."

இரண்டு சில்லை மட்டும் பூட்டி, செயினைக் கொழுவி, மட்காட்டையும் காரியரையும் நிலத்தில் விட்டுவிட்டு ஏறினீர்கள். ஏறும் முன் என் இரண்டு தோளையும் பிடித்து அறை வாசலில் நிற்பாட்டினீர்கள்.

"அம்மா கூப்பிட்டால் 'இஞ்சை நிக்கிறன்' எண்டு சொல்லு. வேறை ஒண்டும் செய்யத் தேவையில்லை. அதை மட்டும் சொல்லு."

நான் சொன்னேன், அப்பா. அம்மா கூப்பிடாத நேரத்திலும் சொன்னேன். எத்தனை தரம் என்று தெரியாது.

காரியர் இல்லாததால் மிஸியை முன் பாரில் இருத்திக் கொண்டு வந்தீர்கள். முன் சில்லு ஆடி, வாய்க்காலின் மண்கட்டில் இரண்டு பேரும் தண்ணீருக்குள் விழுந்து எழும்பினீர்கள். மிஸி வெள்ளைச் சேலையில் முழங்கால் வரை சேற்றோடு, "என்ன சைக்கிள் இது, என்ன மனிசன் இவர்" என்று ஏசிக்கொண்டே உள்ளே போனார். பிறகு ஏச்சு நின்றுவிட்டது. ஒரு சத்தமும் இல்லை. நீங்கள் பட்டிக்குப் பின்னால் போய்க் குந்தியிருந்து, மாடு கட்டுகிற கயிற்றைப் புரி புரியாகப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள். நான் உங்களுக்குப் பக்கத்தில் இருந்தேன். கயிறு முழுக்கத் தும்பாகி உங்கள் மடியில் கிடந்தது.

குழந்தை கத்தியது. மிஸி பின்பக்கம் வந்து, "ஆம்பிளைப் பிள்ளை" என்றார்.

நீங்கள், "அவா?" என்றீர்கள்.

"எவா?"

"இவளின்ர தாய்."

"அவா இருக்கிறா. நல்லாய் இருக்கிறா. பிள்ளையைக் கேக்க மாட்டீரோ?"

நீங்கள் தும்பைக் கையில் அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டீர்கள்.

அன்று பொழுதுபடும் வரை ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டிக்கொண்டு திரிந்தீர்கள். பெருமாயி அக்காவுக்கு அம்மா படுத்தபடியே எங்கள் டம்ளரில் தேத்தண்ணீர் கொடுக்கச் சொன்னார். வெளியே இருந்த பேணி பிறகு கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போனது. செல்லத்துரை மாமா தன் மொட்டைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, "இவன் பிறக்க என்ர உழுந்தெல்லே போச்சு" என்று தம்பிக்குப் பெயர் வைத்தார். பதிவில் உள்ள பெயரை இப்போது அம்மாவும் கூப்பிடுவதில்லை.

கொஞ்சம் பொறுங்கள், அப்பா. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறார். "இஞ்சை நிக்கிறன் அம்மா" என்றேன். "போய்ப் படடி" என்றார். ஆனால் கையை எடுத்து என் கையில் வைத்தார். கை குளிர்ந்திருந்தது. முதலில் இருநூறு எண்ணுவதற்குள் ஒரு தரம் மூச்சைப் பிடித்தார். இப்போது நூறு எண்ண முதலே பிடிக்கிறார்.

போன மாதம் பெருமாயி அக்கா அம்மாவின் வயிற்றைத் தடவிப் பார்க்க வந்தபோது, அந்த அவிழ்க்கிற விசயத்தைக் கேட்டேன். உண்மையிலேயே அப்படிச் செய்தால் பிள்ளை இறங்குமோ என்று.

அவர் வெற்றிலையை ஒதுக்கிவிட்டுச் சிரித்தார். "எங்க ஆத்தாவும் சொன்னிச்சு, நானும் சொல்றேன். எறங்குதோ இல்லியோ, பாப்பா, ஆம்பளைக்கு ஒரு வேல குடுக்கணும். லயத்துல பாத்திருக்கேன். சும்மா நின்னா கதவ ஒடச்சிப்புடுவாங்க, இல்லாட்டி குடிச்சிப்புடுவாங்க. ஒங்க அப்பா மாதிரி சைக்கிளக் கழட்டுனவர நான் கண்டதில்ல. எம்புட்டு பயம் இருந்தா அம்புட்டு கழட்டியிருப்பாரு."

போகும்போது, "எந்நேரமா இருந்தாலும் வா. வெளிச்சம் பாத்துக்கிட்டு இருக்காத" என்றார்.

இந்தக் குழந்தை வருகிறது என்று அறிந்ததும் நீங்கள் அம்மாவுக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. "இந்தமுறை நான் ஒண்டையும் கழட்டன். பத்து நாளைக்கு முந்தியே உம்மை ஆசுப்பத்திரியிலை விட்டிட்டு நான் மதிலுக்கு வெளியிலை நிண்டு பல்லுக் கடிக்கிறன்." அம்மா, "சைக்கிளை மட்டும் கழட்டப்படாது, கண்டியளோ" என்றார். எங்கள் வீட்டில் எதற்கும் அந்தச் சிரிப்புத்தான். அன்று தொடங்கி நீங்கள் பொழுதுபடச் சைக்கிள் நட்டுகளை இறுக்கிப் பார்க்காமல் படுத்ததே இல்லை.

ஆடியில் ஒரு இரவு, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச உங்கள் முறை. வரம்பால் வந்து, காலைக் கழுவிவிட்டு, "முள்ளொண்டு குத்திப்போட்டுது" என்றீர்கள். இரண்டு புள்ளி இருந்தது. நான் விளக்கைக் கிட்டப் பிடித்தேன். "பெருமாயி அக்காவைக் கேட்டுப் பாப்பமோ, மாமாவின்ர டிராக்டரைக் கேப்பமோ?" என்றேன். "இந்த நேரத்திலை ஆரை எழுப்புறது? முள்ளு. விடியட்டும்" என்றீர்கள்.

அம்மாவுக்கு நோவென்றால் வீடு முழுக்க அவிழ்த்த நீங்கள், உங்களுக்கென்று வந்தபோது ஒரு ஆளை எழுப்பக் கூச்சப்பட்டீர்கள். விடிய முதலே பல்லு முரசில் இரத்தம் வந்தது. புடையன் பாம்பு என்று அப்போதுதான் தெரிந்தது. டிராக்டரில் ஏற்றியபோது என்னைப் பார்த்து ஏதோ சொன்னீர்கள். எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. றோட்டிலேயே முடிந்துவிட்டது. நான் ஏன் அந்த இரவு உங்கள் சொல்லைக் கேட்டேன் என்று நாலு மாதமாக யோசிக்கிறேன்.

நூறு இல்லை. இப்போது அறுபது.

எனக்குப் பயம், அப்பா. கார்த்திகை மழையில் வாய்க்கால் நிறைந்து போகிறது. இருட்டில் அந்தக் கட்டைத் தாண்ட வேண்டும். இந்த நேரம் றோட்டில் ஒரு உயிரும் இல்லை. போய் வருவதற்குள் அம்மாவுக்கு ஏதும் ஆனால் என்ற பயம், போகாமல் இருந்து ஆனால் என்ற பயம். உங்களிடம் எப்படி நின்றீர்கள் என்று கேட்டேன். எழுதிப் பார்க்கையில், நீங்கள் நிற்கவே இல்லை என்று தெரிகிறது. ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பயந்துகொண்டே ஓடினீர்கள், விழுந்தீர்கள், மிஸியோடு வந்து சேர்ந்தீர்கள்.

உழுந்தனை எழுப்பினேன். இரண்டு கன்னத்திலும் தட்டித்தான் எழும்பினான். அறை வாசலில் நிற்பாட்டி, தோளைப் பிடித்து, அம்மா கூப்பிட்டால் "இஞ்சை நிக்கிறன்" என்று மட்டும் சொல்லச் சொன்னேன்.

"சீனி தருவியோ?"

"ரெண்டு கரண்டி."

"மூண்டு."

"மூண்டு."

இப்போது அவன் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்கிறது. அம்மா கூப்பிடவில்லை. அவன் சொல்கிறான்.

றங்குப்பெட்டியைத் திறந்து வைத்துவிட்டேன். பானைகளையும் சாடியையும் திறந்துவிட்டேன். மாட்டை அவிழ்த்துவிட்டேன், மாமா வீட்டில் இந்தப் போகம் உழுந்து இல்லை. இரண்டு பின்னலையும் நானே அவிழ்த்தேன். றிபன் முடிச்சு எனக்கும் உடனே அகப்படவில்லை. சைக்கிளுக்கு மட்டும் ஸ்பானரைப் போட்டு, முன் சில்லு, பின் சில்லு, எல்லாவற்றையும் என் பலம் முழுக்கக் கொடுத்து இறுக்கியிருக்கிறேன். பாருக்குக் கீழே காலை விட்டுத்தான் இன்னும் ஓடுகிறேன். பரவாயில்லை, காரியர் இருக்கிறது, பெருமாயி அக்காவை இருத்தலாம்.

ஸ்பானரை உங்கள் சாரத் துண்டோடு சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறேன். என் கை ஆடுகிறது. எழுத்தைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

அம்மா கூப்பிட்டுவிட்டார். விடியவில்லை.

அப்பா, போட்டு வாறன்.